நிழல் நீண்ட பிறகு விளையாடலாம்
(கோடை விடுமுறையில் குழந்தைகளோடு திருச்சிக்குப் போகும் தம்பதியருக்கு)



பள்ளிக்கூடத்துக்கு லீவு விட்டாயிற்று. முசிறிப் பக்கமானாலும் மணப்பாறைப் பக்கமானாலும், துறையூர், லால்குடிப் பக்கமானாலும் எந்த வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தாலும் இப்போது ஒரே பேச்சுத்தான் காதில் விழுகிறது. "அப்பா, திருச்சிக்குக் கூட்டிட்டுப் போங்கப்பா. மலைக்கோட்டை பார்க்கணும்." அம்மாவுக்கும் ஆசைதான். ஆனால் உடனே ஒரு பயம். "இந்த வெயிலிலேயா? பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிட்டால்?"

ஆசையும் நியாயமானது, பயமும் நியாயமானது. இரண்டையும் வைத்துக்கொண்டு என்ன செய்வது என்பதைத்தான் இன்று உங்களோடு பேச வந்திருக்கிறேன்.

சில பேர் பயந்துபோய் விடுமுறை முழுவதும் குழந்தையை வீட்டுக்குள்ளேயே வைத்திருக்கிறார்கள். பிள்ளை செல்போனைக் கையில் வாங்கினால் ராத்திரிதான் கீழே வைக்கிறது. இன்னும் சில பேர் துணிச்சல்காரர்கள். "நாங்க வெயிலிலேயே பிறந்து வெயிலிலேயே வளர்ந்தவங்க, எங்களை என்ன செய்யும்?" என்று நண்பகல் 12 மணிக்குப் பிள்ளைகளைத் தார் ரோட்டில் நடத்திக்கொண்டு போகிறார்கள். இரண்டும் வேண்டாம். குழந்தை வெளியே வரட்டும், ஓடட்டும், ஆடட்டும். எந்த நேரத்தில் என்பதை மட்டும் நீங்கள் முடிவு செய்யுங்கள்.

பட்டணத்து வெயில் வேறு

"எங்க ஊரிலே அடிக்கிற அதே வெயில்தானே அங்கேயும்?" என்று நீங்கள் கேட்கலாம். சூரியன் ஒன்றுதான். ஆனால் கிராமத்தில் வேப்பமரம் இருக்கிறது, புங்கமரம் இருக்கிறது, ஓலைக் கொட்டகை இருக்கிறது. களைத்தால் ஒதுங்க நாலு எட்டில் நிழல் கிடைக்கும். பட்டணத்திலோ தார் ரோடும் சிமெண்டுத் தளமும் காங்கிரீட்டுச் சுவரும் பகல் முழுவதும் சூட்டைக் குடித்து வைத்துக்கொள்கின்றன. பொழுது சாய்ந்த பிறகு அதே சூட்டை மெல்ல மெல்ல வெளியே விடுகின்றன. அதனால்தான் ராத்திரி 9 மணிக்குக்கூடச் சுவரைத் தொட்டால் வெதுவெதுப்பாக இருக்கிறது. மே மாதம் 4ஆம் தேதி வாக்கில் அக்கினி நட்சத்திரம் தொடங்குகிறது. அந்த நாட்களில் திருச்சியில் வெயில் 100 டிகிரி பாரன்ஹீட்டைத் தாண்டுவது சர்வ சாதாரணம். 104 டிகிரியைத் தொடுகிற நாட்களும் உண்டு.

இந்த 104 என்ற எண்ணைக் கொஞ்சம் நினைவில் வையுங்கள். பின்னால் மறுபடியும் வரும்.

வயலில் வேலை செய்து பழகிய உங்கள் உடம்பு வேறு, குழந்தையின் உடம்பு வேறு. எடையோடு ஒப்பிட்டுப் பார்த்தால் குழந்தைக்குத் தோலின் பரப்பு அதிகம். ஆகையால் வெளிச்சூடு சீக்கிரமாக உடம்புக்குள் ஏறுகிறது. வியர்த்து உடம்பைக் குளிரவைக்கும் சக்தியும் பெரியவர்களுக்கு உள்ள அளவு குழந்தைகளுக்கு இல்லை. இதற்கெல்லாம் மேலாக, விளையாட்டு மும்முரத்தில் இருக்கிற பிள்ளை தாகம் என்று வாய் திறந்து சொல்லாது. சொல்கிற நேரத்தில் உடம்பில் நீர் குறைந்துபோயிருக்கும்.

நிழல் என்னும் கடிகாரம்

எந்த நேரத்தில் வெளியே போகலாம் என்று தெரிந்துகொள்ள விலையுயர்ந்த கருவி எதுவும் தேவையில்லை. உங்கள் குழந்தையை வெயிலில் நிமிர்ந்து நிற்கச் சொல்லுங்கள். தரையில் விழும் நிழலைப் பாருங்கள். நிழல் குழந்தையைவிட நீளமாக இருந்தால் வெயில் சாய்ந்து விழுகிறது, கடுமை குறைவு. நிழல் குழந்தையைவிடக் குட்டையாக இருந்தால் வெயில் தலைக்கு மேலே வந்துவிட்டது, நிழலுக்குள் போய்விட வேண்டும். மே மாதத்தில் நம் பக்கத்தில் ஏறக்குறைய காலை 9 மணியிலிருந்து பிற்பகல் 3 மணி தாண்டும் வரை நிழல் குட்டையாகவே இருக்கும்.

ஒன்றை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். சாயங்காலம் நிழல் நீளத் தொடங்கிய பிறகும் தரையும் காற்றும் சூடாகவே இருக்கும். அதனால் மாலையில் நாலரை மணிக்குப் பிறகு புறப்படுவதுதான் உத்தமம்.

இது எச்சரிக்கை மட்டுமல்ல, நல்ல விளையாட்டும்கூட. வாசலில் ஒரு குச்சியை நட்டு வையுங்கள். மணிக்கொரு தரம் நிழல் முடிகிற இடத்தில் ஒரு கூழாங்கல்லைப் பிள்ளையை வைக்கச் சொல்லுங்கள். சாயங்காலம் பார்த்தால் சூரியன் போன பாதை தரையில் எழுதியிருக்கும். ஏப்ரல் மூன்றாவது வாரத்தில் சூரியன் நம் தலைக்கு நேர் மேலே வருகிறது. அந்த நாள் நண்பகலில் குச்சியின் நிழல் காலடியிலேயே மறைந்துபோகும். காசு செலவில்லாமல் பிள்ளை வானசாஸ்திரம் படித்துவிடும்.

காலையில் எங்கே போகலாம்?

முதலில் மலைக்கோட்டை. 83 மீட்டர் உயரமுள்ள ஒற்றைப் பாறை. உச்சிப் பிள்ளையார் சந்நிதி வரைக்கும் நானூறுக்கு மேற்பட்ட படிகள். விடியற்காலையில் ஏறத் தொடங்கினால் பிள்ளைகள் நமக்கு முன்னாலே ஓடுவார்கள். "எண்ணிக்கொண்டே ஏறு, யார் கணக்குச் சரி பார்ப்போம்" என்று சொல்லுங்கள். அப்பா ஒரு கணக்குச் சொல்வார், அம்மா ஒரு கணக்குச் சொல்வாள், பிள்ளை மூன்றாவது கணக்குச் சொல்லும். அதிலே ஒரு சிரிப்பு. உச்சிக்குப் போனதும் காவிரியைக் காட்டுங்கள். அதற்கு அப்பால் கொள்ளிடத்தைக் காட்டுங்கள். இரண்டுக்கும் நடுவே தீவாக இருக்கும் ஸ்ரீரங்கத்தையும், 1987இல் கட்டி முடித்த ராஜகோபுரத்தையும் காட்டுங்கள். புத்தகத்தில் படித்த பூகோளம் கண்ணெதிரே விரிந்து கிடக்கும்.

கோயிலுக்குச் செருப்பில்லாமல்தான் போகிறோம். காலை 6 மணிக்குக் குளுகுளு என்றிருக்கும் கல், 10 மணிக்கெல்லாம் தோசைக்கல் ஆகிவிடும். நம் கால் பித்த வெடிப்பு விழுந்து உரமேறிய கால். குழந்தையின் பாதம் பூப்போன்றது. ஆகையால் காலை 8 மணிக்குள் இறங்கிவிடுகிற மாதிரி ஏறுங்கள். இடுப்புக் குழந்தை இருந்தால் ஒருவர் தூக்க, ஒருவர் பையைச் சுமக்க, முறை மாற்றிக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, ஸ்ரீரங்கம் மேலூரில் இருக்கும் வண்ணத்துப்பூச்சிப் பூங்கா. 2015இல் திறந்தார்கள். காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடையில், ஏறக்குறைய 25 ஏக்கரில், செடியும் கொடியுமாக இருக்கிறது. வண்ணத்துப்பூச்சி நம்மைவிடப் புத்திசாலி. இளவெயிலில் பறக்கும், உச்சி வெயிலில் இலைக்கடியில் ஒதுங்கிவிடும். எனவே திறந்தவுடனே போனால்தான் நிறையப் பார்க்கலாம். ஊருக்குத் திரும்பிய பிறகு வீட்டுக் கறிவேப்பிலைச் செடியைப் புரட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். அதில் பச்சைப் புழு இருந்தால் நசுக்க வேண்டாம். அது ஒரு வண்ணத்துப்பூச்சியின் பிள்ளை. தினம் ஒரு தரம் பார்த்து வந்தால், அது கூடு கட்டுவதையும் பறந்து போவதையும் சில வாரங்களில் பார்த்துவிடலாம். பார்த்த பிள்ளைக்குச் செல்போன் நினைவு வருமா?

உச்சி வெயிலில் என்ன செய்வது?

9 மணியிலிருந்து நாலரை மணி வரை நிழல் நேரம். உறவுக்காரர் வீட்டில் தங்கியிருந்தால் சாப்பிட்டுவிட்டு எல்லோரும் ஒரு தூக்கம் போடுங்கள். தூங்காத பிள்ளையோடு பல்லாங்குழி, தாயக்கட்டை, பரமபதம் ஆடுங்கள். காலையில் வந்து இரவு திரும்புகிறவர்கள் கூரையுள்ள இடங்களை இந்த நேரத்துக்கு ஒதுக்கி வையுங்கள். மலைக்கோட்டைக்குப் பக்கத்திலேயே ராணி மங்கம்மாள் மண்டபத்தில் அரசு அருங்காட்சியகம் இருக்கிறது. ஜங்ஷன் பக்கத்தில் 2014இல் திறந்த ரயில்வே அருங்காட்சியகம் இருக்கிறது. விமான நிலையத்துக்கு அருகில் அண்ணா அறிவியல் மையத்தில் கோளரங்கம் இருக்கிறது. நட்டநடுப் பகலில் இருட்டு அறையில் உட்கார்ந்து நட்சத்திரம் பார்க்கலாம். எந்த இடமானாலும் விடுமுறை நாளையும் நேரத்தையும் முன்கூட்டிக் கேட்டுக்கொண்டு போங்கள். பூட்டிய வாசலில் வெயிலில் நிற்கும்படி ஆகிவிடக் கூடாது.

இந்த நேரத்தில் பூங்காவுக்குப் போக வேண்டாம். இரும்புச் சறுக்குமரமும் ஊஞ்சல் சங்கிலியும் வெயிலில் காய்ந்து கிடக்கும். குழந்தை உட்கார்ந்த மாத்திரத்தில் தொடை பொசுங்கிப் போகும். மாலையில்கூட உங்கள் புறங்கையை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் குழந்தையை ஏற்ற வேண்டும்.

கார் வைத்திருப்பவர்களுக்கும், வாடகைக் காரில் வருகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. "பிள்ளை தூங்குது, எழுப்ப வேண்டாம், அஞ்சு நிமிஷத்திலே வந்துடறேன்" என்று கண்ணாடியை ஏற்றிவிட்டுக் குழந்தையைத் தனியே விட்டுப் போகாதீர்கள். வெயிலில் நிற்கும் மூடிய கார் ஒரு அடுப்பு. சில நிமிடங்களிலேயே உள்ளே சூடு ஏறிவிடும். தூங்குகிற குழந்தையானாலும் தூக்கிக்கொண்டுதான் இறங்க வேண்டும்.

மாலையில் ஆற்றங்கரை

மாலைக்குத் திருச்சியில் இரண்டு நல்ல இடங்கள். இரண்டுக்கும் சத்திரம் பேருந்து நிலையத்திலிருந்து பஸ் ஏறலாம்.

ஒன்று முக்கொம்பு. காவிரியிலிருந்து கொள்ளிடம் பிரிகிற இடம். ஆர்தர் காட்டன் என்ற பொறியாளர் 1830களில் கட்டிய மேலணை அங்கேதான் அமைந்தது. மரங்களும் புல்வெளியும் உள்ள பூங்கா இருக்கிறது. மற்றொன்று கரிகால் சோழன் கட்டிய கல்லணை. அங்கே காவிரித் தண்ணீர் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் என்று தஞ்சைச் சீமைக்குப் பிரிந்து போகிறது, மிஞ்சியது கொள்ளிடத்துக்குப் போகிறது. "நாம் சாப்பிடுகிற சோறு இந்த மதகு வழியாகத்தான் வருது" என்று தகப்பன் சொன்னால் பிள்ளை வாழ்நாள் முழுவதும் மறக்காது.

என்ன விளையாடலாம்? கிளித்தட்டு, கண்ணாமூச்சி, பாண்டி, நொண்டி. நமக்குத் தெரியாத ஆட்டமா? ஈர மணலில் கோட்டை கட்டலாம், கிணறு தோண்டலாம். புல்வெளியில் உட்கார்ந்து கட்டுச்சோறு பிரிக்கலாம். ஒன்றுமே வேண்டாம் என்றால் காவிரிப் பாலத்தின் நடைபாதையில் காற்று வாங்கிக்கொண்டே நடக்கலாம், குழந்தையின் கையைப் பிடித்தபடி.

தண்ணீர்ப் பக்கம் போகும்போது

இப்போது மனதைக் கல்லாக்கிக்கொண்டு ஒரு விஷயம் சொல்ல வேண்டியிருக்கிறது. கோடை விடுமுறை என்றாலே, ஆற்றிலும் குளத்திலும் பிள்ளைகள் மூழ்கிப்போன செய்தி பத்திரிகையில் வராத வருஷமில்லை. ஆழம் தெரியாமல் காலை விடாதே என்று பெரியவர்கள் சொல்லி வைத்தது சும்மா அல்ல.

மே மாதத்தில் காவிரி பெரும்பாலும் மணலாகக் கிடக்கும். அங்கங்கே கொஞ்சம் தண்ணீர் தேங்கி நிற்கும். பார்த்தால் முழங்கால் அளவு என்று தோன்றும். ஆனால் மணல் தோண்டிய பள்ளத்தில் ஓரடி எடுத்து வைத்தால் முழங்கால், அடுத்த அடியில் ஆள் உயரம். மேட்டூரில் தண்ணீர் போதுமான அளவு இருந்தால் ஜூன் 12ஆம் தேதி திறப்பது வழக்கம். திறந்த சில நாட்களில் அது திருச்சிக்கு வந்துவிடும். போன மாதம் மணலில் விளையாடிய அதே இடத்தில் இந்த மாதம் இழுப்பு இருக்கும். மதகுக்குக் கீழே தண்ணீர் மேலே அமைதியாகத் தெரிந்தாலும் அடியில் சுழலும். எச்சரிக்கைப் பலகை இருக்கும் இடத்தில் நன்றாக நீந்தத் தெரிந்தவர்கள்கூட இறங்கக் கூடாது.

தண்ணீர் இருக்கும் இடத்தில் ஒரு ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். "இப்போ அரை மணி நேரம் நான் பார்த்துக்கிறேன்" என்று கணவனோ மனைவியோ வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அப்படிச் சொன்னவர் அந்த அரை மணி நேரமும் செல்போன் பார்க்கக் கூடாது, யாரோடும் பேசக் கூடாது, கை நீட்டினால் குழந்தையைத் தொடுகிற தூரத்தில் இருக்க வேண்டும். பிறகு முறை மாற்றிக்கொள்ளலாம். அப்பா பார்க்கிறார் என்று அம்மாவும், அம்மா பார்க்கிறாள் என்று அப்பாவும் நினைத்துக்கொண்டிருக்கும் அந்த இரண்டு நிமிடத்தில்தான் ஆபத்து நடக்கிறது. மூழ்குகிற குழந்தை சினிமாவில் வருகிற மாதிரி கூச்சல் போடாது. சத்தமில்லாமல் உள்ளே போய்விடும்.

வேறு யாராவது தத்தளித்தால், நீந்தத் தெரியாமல் குதிக்காதீர்கள். சேலை, துண்டு, கயிறு, கொம்பு எதையாவது வீசிப் பிடிக்கச் சொல்லி இழுங்கள். வெளியே எடுத்த குழந்தையைத் தலைகீழாகத் தூக்கிச் சுழற்றுவது, வயிற்றை அமுக்குவது எல்லாம் தவறான பழக்கம். மூச்சு இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் பயிற்சி உள்ளவர் உடனே வாயோடு வாய் வைத்து ஊத வேண்டும், நெஞ்சை அமுக்க வேண்டும். அதே நேரத்தில் இன்னொருவர் 108க்குப் போன் செய்ய வேண்டும்.

பையில் என்ன வைக்க வேண்டும்?

ஊருக்குப் போகிறோம் என்றதும் பிள்ளைக்குப் பளபளக்கிற நைலான் கவுனையும், பட்டுப் பாவாடையையும் போட்டுவிடுகிறோம். போட்டோவுக்கு அழகுதான். ஆனால் அந்தத் துணிக்குள் வியர்வை ஆறாது, சூடும் போகாது. அன்றைக்கு ஒருநாள் தளர்ச்சியான, வெளிர் நிறப் பருத்தித் துணி போடுங்கள். தலைக்குத் தொப்பியோ துண்டோ, காலுக்குச் செருப்போ அவசியம். குடையை மழைக்கு மட்டும் என்று வீட்டில் மாட்டி வைக்காதீர்கள்.

கொதிக்க வைத்து ஆற வைத்த தண்ணீரை வீட்டிலிருந்தே கொண்டு போங்கள். விளையாடுகிற பிள்ளையை இருபது நிமிடத்துக்கு ஒரு தரம் கூப்பிட்டுச் சில மடக்கு குடிக்க வையுங்கள். கேட்டால் கொடுப்போம் என்று காத்திருக்க வேண்டாம். உப்புப் போட்ட நீர் மோர், பானகம், இளநீர், நுங்கு, வெள்ளரிக்காய் எல்லாம் நம் மண்ணின் மருந்துகள். ஈ மொய்க்க நறுக்கி வைத்த பழமும், எந்தத் தண்ணீரில் செய்தது என்று தெரியாத கலர் ஐசும் வேண்டாம். வெயிலோடு வயிற்றுப்போக்கும் சேர்ந்துகொண்டால் உடம்பில் உள்ள நீர் இரட்டிப்பு வேகத்தில் போய்விடும்.

உப்பு சர்க்கரைக் கரைசல் பொட்டலம் (ஓ.ஆர்.எஸ்.) இரண்டு பையில் இருக்கட்டும். ஆரம்ப சுகாதார நிலையத்திலோ கிராம சுகாதாரச் செவிலியரிடமோ கேட்டால் கிடைக்கும். ஒரு பொட்டலத்தை முழுசாக ஒரு லிட்டர் தண்ணீரில் கரைக்க வேண்டும். பாதிப் பாதியாகக் கரைக்கக் கூடாது. கரைத்ததை 24 மணி நேரத்துக்குள் உபயோகித்துவிட்டு மீதியைக் கொட்டிவிட வேண்டும்.

ஆறு மாதம் நிறையாத குழந்தைக்குத் தாய்ப்பால் மட்டும் போதும். எவ்வளவு வெயிலானாலும் தண்ணீர் வேண்டாம். தாய்ப்பாலிலேயே தேவையான தண்ணீர் இருக்கிறது. வெயில் நாளில் அடிக்கடி கொடுங்கள். அதற்கு, கொடுக்கிற தாய் நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும்.

கணவன்மார்களுக்குத் தனியாக

இங்கே தகப்பன்மார்களைக் கொஞ்சம் அருகில் வரச் சொல்கிறேன். பஸ் ஸ்டாண்டில் நின்று பாருங்கள். இடுப்பில் ஒரு குழந்தை, கையில் ஒரு குழந்தை, தோளில் ஒரு பை, அதில் தண்ணீர்ப் பாட்டில். இப்படிப் பெண்மணி பின்னால் வருகிறாள். பத்தடி முன்னால் வெறுங்கையோடு வீட்டுக்காரர் போகிறார். இதற்குப் பெயர் குடும்பத்தோடு உல்லாசப் பயணமா? ஒரு குழந்தையை நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள். உங்கள் தோள்மீது ஏறி உட்கார்ந்து ஊர் பார்த்தது பிள்ளைக்குக் கடைசி வரை நினைவிருக்கும்.

இன்னொன்று, பெண்கள் வாய்விட்டுச் சொல்லக் கூச்சப்படும் விஷயம். வெளியூர் போனால் கழிப்பிடம் கிடைக்காதே என்ற பயத்தில் பல தாய்மார்கள் காலையிலிருந்து சொட்டுத் தண்ணீர் குடிப்பதில்லை. பிள்ளைக்கு ஊட்டுவாள், புருஷனுக்குக் கொடுப்பாள், தான் மட்டும் "எனக்குத் தாகமில்லை" என்பாள். தலைவலி, மயக்கம், சிறுநீர் எரிச்சல், சிறுநீரகத்தில் கல் என்று அது பிறகு வந்து நிற்கும். எனவே எந்த இடத்தில் இறங்கினாலும், டீக்கடையைத் தேடுவதற்கு முன்னால் சுத்தமான கழிப்பிடம் எங்கே என்று நீங்கள் விசாரித்து வந்து சொல்லுங்கள். "இங்கே வசதி இருக்கு, நீ தண்ணி குடி" என்ற ஒரு வார்த்தை போதும். அதைவிடப் பெரிய அன்பு வேறில்லை.

மனைவி கர்ப்பமாக இருந்தால் இன்னும் கவனம் தேவை. கர்ப்பிணியின் உடம்பில் சூடு ஏறினால் வயிற்றிலுள்ள சிசுவுக்கும் கெடுதல், குறைமாதப் பிரசவத்துக்கும் காரணமாகலாம். நெடுநேரம் நிற்பது, படி ஏறுவது, கூட்டத்தில் நெருக்குப்படுவது வேண்டாம். அவள் மரநிழலில் உட்காரட்டும், நீங்கள் பிள்ளைகளோடு ஓடுங்கள்.

குழந்தை கூட்டத்தில் தவறிவிட்டால் என்ன செய்வது? புறப்படும்போதே தாய் தகப்பன் இருவரின் செல்போன் நம்பரையும் ஒரு சீட்டில் எழுதிக் குழந்தையின் சட்டைப் பையில் வைத்துத் தைத்துவிடுங்கள். 1098 என்பது குழந்தைகளுக்கான உதவி எண் என்று மூத்த பிள்ளைக்குச் சொல்லிக் கொடுங்கள்.

ஆபத்தின் அறிகுறிகள்

இவ்வளவு செய்தும் வெயில் தாக்கினால் எப்படித் தெரிந்துகொள்வது?

முதல் கட்டம், வெயில் களைப்பு. ஓடிக்கொண்டிருந்த பிள்ளை ஒதுங்கி உட்காரும். தலை வலிக்கிறது என்னும், குமட்டும், கெண்டைக்கால் இழுக்கும், காரணமில்லாமல் சிணுங்கும். சிறுநீர் மஞ்சளாக, கொஞ்சமாகப் போகும். உடனே விளையாட்டை நிறுத்துங்கள். நிழலில் படுக்க வைத்து, துணியைத் தளர்த்தி, ஈரத்துணியால் உடம்பைத் துடைத்து, உப்பு சர்க்கரைக் கரைசலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். அரை மணி நேரத்தில் தெளிய வேண்டும். தெளியவில்லை என்றாலும், வாந்தி நிற்கவில்லை என்றாலும், ஆறு மணி நேரமாகச் சிறுநீரே போகவில்லை என்றாலும் ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும்.

இரண்டாவது கட்டம், வெப்பத் தாக்கு. சன் ஸ்ட்ரோக் என்று சொல்கிறோமே, அதுதான். உடம்பு அனலாய்க் கொதிக்கும். உடம்பின் சூடு 104 டிகிரியைத் தொட்டுவிடும் அல்லது தாண்டிவிடும். முன்பு நினைவில் வைக்கச் சொன்ன எண் இதுதான். ஊரின் சூடு 104 ஆனாலும் உடம்பு 98.6இல் நிற்கப் பாடுபடுகிறது. அந்தப் பாடு தோற்றுவிட்டால் உடம்பும் 104 ஆகிவிடுகிறது. பிள்ளை பிதற்றும், நடை தள்ளாடும், கூப்பிட்டால் திரும்பாது, வலிப்பு வரலாம், நினைவு தப்பலாம். இது உயிருக்கு ஆபத்து.

"கண்ணு பட்டிருச்சு" என்று சிலர் உப்பும் மிளகாயும் சுற்ற ஓடுவார்கள். "காய்ச்சல்தான்" என்று சிலர் மாத்திரையைப் பொடி செய்வார்கள். காய்ச்சல் மாத்திரை இந்தச் சூட்டைக் குறைக்காது. 108க்குப் போன் செய்யுங்கள். வண்டி வரும் வரைக்கும் சும்மா நிற்காதீர்கள். நிழலுக்குத் தூக்குங்கள், துணியைக் கழற்றுங்கள், கிடைக்கிற தண்ணீரை உடம்பு முழுவதும் ஊற்றுங்கள், துண்டாலும் அட்டையாலும் விடாமல் விசிறுங்கள். கழுத்து, அக்குள், தொடை இடுக்கு ஆகிய இடங்களில் ஈரத்துணி வையுங்கள். நினைவில்லாத குழந்தையின் வாயில் ஒரு சொட்டுத் தண்ணீரும் ஊற்றக் கூடாது, புரை ஏறி மூச்சை அடைத்துவிடும். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். சீக்கிரம் குளிரவைத்தால் பிழைக்கும். திருஷ்டி கழிப்பதை வீட்டுக்கு வந்து நிதானமாக வைத்துக்கொள்ளலாம்.

முடிவாக

இதையெல்லாம் கேட்டுவிட்டு, "இவ்வளவு பாடு எதுக்கு, வீட்டோடு இருந்துடலாம்" என்று யாரும் முடிவு செய்துவிட வேண்டாம். ஓடி ஆடுகிற குழந்தைக்குத்தான் எலும்பு உரமாகும், பசி எடுக்கும், ராத்திரித் தூக்கம் நன்றாக வரும். காலை வெயிலும் மாலை வெயிலும் குழந்தைக்கு நண்பர்கள். நடுப்பகல் வெயில் ஒன்றுதான் பகை. அதோடு, தாயும் தகப்பனும் சேர்ந்தாற்போல் தன்னோடு விளையாடிய ஒருநாளைப் பிள்ளை பல வருஷம் பேசிக்கொண்டிருக்கும். அதற்குப் பெரிய செலவு ஒன்றும் இல்லை. பஸ் டிக்கெட்டும் கட்டுச்சோறும் போதும்.

நினைவில் வைக்க:

நிழல் குட்டையானால் உள்ளே, நீண்டால் வெளியே. மாலையில் நாலரைக்குப் பிறகு.

இருபது நிமிடத்துக்கு ஒரு தரம் தண்ணீர். தாயும் குடிக்க வேண்டும்.

பருத்தித் துணி, தொப்பி, செருப்பு, இரண்டு பொட்டலம் உப்பு சர்க்கரைக் கரைசல்.

தண்ணீர்ப் பக்கம் போனால் ஒருவர் கண் எப்போதும் குழந்தை மேல்.

மூடிய காரில் குழந்தை தனியே வேண்டாம்.

உடம்பு கொதித்து, பேச்சுக் குழறினால் முதலில் தண்ணீர் ஊற்றுங்கள், உடனே 108.

சந்தேகம் இருந்தால் உங்கள் கிராம சுகாதாரச் செவிலியரைக் கேளுங்கள். இந்த விடுமுறையில் ஒருநாள் விடியற்காலையில் எழுந்து பிள்ளைகளோடு முதல் பஸ்ஸைப் பிடியுங்கள். நல்லபடியாகப் போய் நல்லபடியாக வாருங்கள்.